நான்காம் எண் முதல் ஏழாம் எண் வரை

என் மகனுக்கு,

இதை நின்றுகொண்டு படிக்காதே. நீ எதையும் நின்றுகொண்டுதான் படிப்பாய், ஒரு கையில் போன், ஒரு கையில் டீ. விசா வேலை முடிந்து அறைக்குத் திரும்பி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் "பரவால்லம்மா, விடு" என்று ஆரம்பித்துவிடுவாய். சின்னப் பிள்ளையிலிருந்தே உனக்கு என்னைத் தேற்றுகிற அவசரம். இது பரவாயில்லை என்று விடுகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமும் இல்லை. இதன் நகல் ஒன்றை நான் வேலை பார்த்த நிலவியல் துறையில், நான் அரைத்த கல்பொடிப் பாட்டில்கள் இருக்கிற அலமாரியிலேயே வைக்கப்போகிறேன். அவற்றை எடுக்கிற யாரும் முதலில் இதைப் படிக்கட்டும்.

போன மாதம் தஞ்சாவூருக்கு வந்திருந்தபோது அடுப்படி மேடையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாய். நான் வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். மேடைக்கல்லைத் தட்டி, "இது கிரானைட்டே இல்லம்மா, டோலரைட்டு. கடைக்காரங்கதான் கருப்பு கிரானைட்டுன்னு விக்கிறாங்க" என்று நூறாவது தடவையாகச் சொன்னாய். இருபது வருஷம் கல்லோடு குடித்தனம் நடத்தினவளுக்கே பாடம். அப்புறம் ஒரு வரைபடத்தைக் காட்டினாய். திருவண்ணாமலைக்கு வடக்கே இருந்த அந்தக் கருங்கல் டைக்கின் வரைபடம். எங்கள் துறைப் பேராசிரியர், நம் சார், அந்தக் காலத்தில் போட்டது. "இந்த நாலு புள்ளியப் பாரும்மா. மேக்கால ஓரத்துலேர்ந்து நடுவுக்கு மக்னீசியம் அழகா ஏறுது. கெழக்கால மட்டும் ஏறி, எறங்கி, மறுபடி ஏறுது. அப்ப அந்தப் பக்கம் ரெண்டாவது தடவையா ஒரு பாறைக்குழம்பு உள்ள பூந்திருக்கு. அது எப்ப பூந்துச்சுன்னு கண்டுபுடிக்கத்தான் எனக்கு அந்த வெளிநாட்டு யுனிவர்சிட்டியில ஆராய்ச்சிக்கு எடமே குடுத்துருக்காங்க" என்றாய். எந்த நாலு என்று கேட்டேன். "நாலு, அஞ்சு, ஆறு, ஏழு" என்றாய். நல்லாருக்குப்பா என்று சொல்லிவிட்டு வாணலிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாழைக்காய் கருகிவிட்டது. நீ அதையும் சாப்பிட்டாய்.

அந்த நான்கு புள்ளிகளும் தப்பு. அந்த நான்கு பாட்டில்களுக்கும் குத்துமதிப்பாக எண் ஒட்டியது நான்தான். முதலில் இதைச் சொல்லிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

உன் அப்பா போனபோது உனக்கு ஐந்து வயது. அவர் பார்த்த ஆய்வக உதவியாளர் வேலையைக் கருணை அடிப்படையில் எனக்குக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், அதுவரை நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவள். எங்கள் ஊரில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் வண்டல்தான் வரும், சாமி கும்பிடுகிற கல்லையும் அம்மியையும் விட்டால் கல் என்று ஒன்றை நான் பார்த்ததே கிடையாது. அப்படிப்பட்டவளை ஒரு அறை நிறையக் கல்லுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பேராசிரியர் நல்லவர், நீயும் நானும் இன்றுவரை சார் என்றே சொல்கிறோம், அவருக்கு வேறு பெயரே இல்லாத மாதிரி. பூமிக்கு அடியிலிருந்து உருகின கல் மேலே வரும்போது பழைய பாறையில் விழுந்த பிளவுக்குள் புகுந்து அங்கேயே உறைந்து சுவர் மாதிரி நின்றுவிடும், அதுதான் டைக் என்று எனக்குப் பொறுமையாகச் சொன்னார். இரண்டு ஓரத்திலும் குளிர்ந்த பாறை தொடுவதால் அங்கே சட்டென்று உறைந்துவிடும், கல்லின் படிக மணியே கண்ணுக்குத் தெரியாது. நடுவில் சூடு மெதுவாக இறங்குவதால் மணிகள் பெரிதாக வளரும் என்றார். "நெய் மாதிரிங்களா சார்? ஃபிரிட்ஜுல வச்சா மழமழன்னு இருக்கும், அடுப்பு மேடையிலயே ஆற விட்டா மணல் மணலா வரும்" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அடுத்த வருஷம் வகுப்பில் அந்த நெய்யைத் தன் சொந்தச் சரக்காகப் பரிமாறினார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், சிரிப்பு தாங்கவில்லை.

உனக்கு ஏழெட்டு வயது இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஆய்வகத்துக்கு வந்துவிடுவாய். ஒரு நாள் சார் உன்னை ஸ்டூலில் ஏற்றி நுண்ணோக்கியில் ஒரு கல்தகட்டைப் பார்க்க வைத்தார். வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குக் கல்லைத் தேய்த்து, கண்ணாடியில் ஒட்டின தகடு. நான் தேய்த்ததுதான். நீ எல்லாப் பிள்ளைகளையும் போல ஐ, கலர் கலராக இருக்கிறதே என்று சொல்லவில்லை. "சார், இந்தக் கல்லு சூடா இருந்தப்ப யாரு பாத்தா?" என்று கேட்டாய். "யாரும் பாக்கல. அதனாலதான் எங்களுக்கெல்லாம் சம்பளம் குடுக்குறாங்க" என்றார். அன்றைக்கே எனக்குத் தெரியும், நீ இந்தப் பக்கம்தான் வருவாய் என்று. பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. டாக்டருக்குப் படித்தால் ஊரில் இருப்பாய், கல்லைத் தேடிப் போகிறவன் எங்கே போவானோ என்று.

அதே வருஷம்தான் அந்த டைக்கிலிருந்து இருபத்தொரு கற்கள் வந்தன. கிழக்கு ஓரத்தில் ஒன்று, மேற்கு ஓரத்தில் இருபத்தொன்று, நடுவில் வரிசையாக மற்றவை. ஒவ்வொரு கல்லின் மேலும் வெள்ளை பெயின்ட்டில் எண். என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் கல்லில் ஒரு துண்டு அறுத்துத் தகடு செய்ய வேண்டும், கண்ணாடியின் மூலையில் வைரமுனைப் பேனாவால் எண்ணைக் கீற வேண்டும். இருபத்தொன்றுக்கும் அதைச் சரியாகச் செய்து முடித்தேன். அப்புறம் மீதிக் கல்லைப் பொடியாக்க வேண்டும். வெயிலும் மழையும் பட்டுப் பழுப்பேறிய மேல்தோலைச் சுத்தியலால் செதுக்கிப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கிற நல்ல கல்லை மட்டும் உடைத்து, அகேட் என்கிற கெட்டிக் கல்லில் செய்த உரலில் முகத்துக்குப் பூசுகிற மாவு போல ஆகிறவரை அரைத்து, பாட்டிலில் போட்டு எண் ஒட்ட வேண்டும். இதில்தான் ஒரு கண்டம் இருக்கிறது. பெயின்ட் எண் இருப்பது அந்த மேல்தோலில். தோலைச் செதுக்கினால் எண்ணும் கூடவே போய்விடும். அதனால் மேஜை மேல் ஒரு சமயத்தில் ஒரு கல்தான் இருக்க வேண்டும். அது பாட்டிலுக்குள் போன பிறகுதான் அடுத்த கல்லைத் தொட வேண்டும். சார் எனக்குச் சொன்ன முதல் சட்டமே அதுதான்.

அப்போது துறையில் எனக்கு மூத்த உதவியாளர் ஒருவர் இருந்தார். கெட்டவர் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். மூன்று கல் முடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அவர் கதவில் சாய்ந்துகொண்டு, "நாத்து நடுற மாதிரி ஒண்ணொண்ணா நட்டுக்கிட்டு இருக்கீங்களே. சார் ரிட்டயர் ஆவுறதுக்குள்ள முடிச்சிருவீங்களா?" என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. என் கோபம் உனக்குத் தெரியாததா? வேகம்தானே, காட்டுகிறேன் என்று நான்கு, ஐந்து, ஆறு, ஏழு நான்கையும் ஒரே டிரேயில் எடுத்து வைத்து, நான்கின் தோலையும் ஒரே மூச்சில் செதுக்கி, செதில்களை அள்ளி வாளியில் கொட்டினேன். திரும்பிப் பார்த்தால் டிரேயில் எண்ணே இல்லாத நான்கு கருப்புக் கற்கள்.

வாளியைக் கவிழ்த்துத் தேடினேன். ஆறு என்று எழுதின செதில் ஒன்று கிடைத்தது, அது எந்தக் கல்லோடும் பொருந்தவில்லை. ஒரே ஒரு கல் ஓரத்தைச் சேர்ந்ததாகவும் இன்னொன்று நடுவைச் சேர்ந்ததாகவும் இருந்திருந்தால் பிரித்துவிடலாம். இவை நான்கும் பக்கத்துப் பக்கத்துக் கற்கள், மணி அப்போதுதான் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிற இடம். வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன், தண்ணீர் தொட்டுப் பார்த்தேன். கடைசியில் மணி கொஞ்சம் பெரிதாகத் தெரிந்ததை ஏழு என்று வைத்துக்கொண்டு, மற்றதை மனசுக்குத் தோன்றியபடி வரிசை போட்டு அரைத்துவிட்டேன். கல்லாக இருந்தவரை அது எங்கே இருந்தது என்று அதுவே கொஞ்சமாவது சொல்லும். பொடியான பிறகு எல்லாம் ஒரே சாம்பல் நிறம்தான். சாயங்காலம் சார் வந்து "எல்லாம் சரியா இருக்காம்மா?" என்றார். "இருக்கு சார்" என்றேன். வேலை நிரந்தரமாகாத வருஷம் அது. நீ பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய்.

அந்தப் பொடிகளை வைத்துச் சார் எழுதின கட்டுரையை நான் படித்ததில்லை, அந்த ஆங்கிலம் எனக்கு எட்டாது. ஆனால் ஒன்றுமே தெரியாது என்று சொன்னால் பொய். பொடிகளைச் சோதித்த முடிவுகள் வந்த நாளில், "கெழக்குப் பக்கம் என்னமோ விசித்திரமா இருக்கே" என்று சார் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. நான் டீ வாங்கப் போகிற சாக்கில் வெளியே போய்விட்டேன். திரும்பி வரும்போது அந்த விசித்திரத்துக்கு அவர் ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார், முகம் அப்படி மலர்ந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன, நானும் ஏதோ நான்கு பாட்டில்தானே என்று இருந்துவிட்டேன். நான்கு பாட்டிலின் மேல் என் பிள்ளை வாழ்க்கையைக் கொண்டுபோய் வைப்பான் என்று யார் கண்டார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை சார் வீட்டுக்குப் போனேன். நீ கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அவருக்கு இப்போது கண் சரியில்லை, பேப்பரை மூக்கோடு ஒட்டிப் படிக்கிறார். அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் சொல்லிவிட்டேன்.

"மாத்தி ஒட்டிட்டேன்னு தெரியுமா, இல்ல நெனைக்கிறியா?" என்றார்.

"குத்துமதிப்பாத்தான் சார் ஒட்டினேன். சரியா வந்துருக்கவும் செய்யலாம்."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"வேலை போயிரும்னு பயம் சார்."

"போயிருக்காது."

"போயிருக்காதுங்க. ஆனா அன்னைக்கு எனக்கு அது தெரியாதே."

காபி டம்ளரைத் தடவிப் பார்த்துக் கீழே வைத்தார். அப்புறம் மெதுவாக, "பையன் போவட்டும்மா. அந்த டைக்கே இப்ப இல்ல, குவாரிக்காரன் வெட்டி வித்துட்டான். ரெண்டு ஓரமும் வெளியில தெரிஞ்ச எடம் அது ஒண்ணுதான். யாரு போய்ப் பாக்கப் போறா? விட்டுரு" என்றார். உன்னிடம் எதையும் மறைக்கப்போவதில்லை, அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. பெரியவரே சொல்லிவிட்டார், இனி என் பொறுப்பு இல்லை என்று இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாசல்வரை சுவரைப் பிடித்தபடி வந்து, "இத்தனை வருஷம் தப்பாவா எழுதி வச்சீங்கன்னு இனிமே என்னைக் கேப்பாங்கம்மா" என்றார். அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். "இருக்கு சார்" என்று சொன்ன அன்றைக்கு என் குரல் அப்படித்தான் இருந்தது. பேருந்தில் வரும்போது அழுதேன். அவருக்காகவும்தான். அவர்மேல் நீ கோபப்படக் கூடாது. உனக்கு முதன்முதலில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தவர் அவர். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அவரைப் போய்ப் பார், உன் வாயால் ஆறுதல் சொல்.

செவ்வாய்க்கிழமை துறைக்குப் போனேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆனாலும் என்னை யாரும் தடுக்க மாட்டார்கள், சாவி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே நான்தான் சொல்ல வேண்டும். பாட்டில்தான் தப்பு, தகடுகள் தப்பில்லை என்பது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆகியிருந்தது. தோலைச் செதுக்குவதற்கு முன்பே அறுத்தவை அவை, எண்ணும் அப்போதே கீறியது. மரப்பெட்டியில் இருபத்தொன்றும் உடையாமல் இருந்தன. நான்கு முதல் ஏழு வரை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். சார் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது கூடவே கற்றுக்கொண்டது எனக்கு மறக்கவில்லை. தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நுண்ணோக்கிக்குள் தெரிகிற குறுக்குக் கம்பி விழுகிற இடத்தில் என்ன மணி என்று ஒவ்வொரு புள்ளியாக எண்ணினேன், ஒரு தகட்டுக்கு ஐந்நூறு புள்ளி. இரண்டு நாள் ஆயிற்று. கழுத்து பிடித்துக்கொண்டது. மக்னீசியத்தைத் தன்னிடம் வைத்திருப்பது ஒலிவின் மணிதான் என்று நீதானே சொன்னாய்? குழம்பு ஓடி வரும்போதே அந்த மணிகள் நடுப்பக்கம் ஒதுங்கிவிடும், வாய்க்காலில் புதுத்தண்ணீர் வரும்போது வைக்கோல் நடுவில் ஒதுங்குவதைப் போல. நான்கில் ஒலிவின் குறைவு. ஐந்தில் கொஞ்சம் அதிகம். ஆறில் இன்னும் அதிகம். ஏழில் எல்லாவற்றையும் விட அதிகம். படிப்படியாக ஏறுகிறது, எங்கேயும் இறங்கவில்லை. நீ காட்டிய அந்த ஏற்ற இறக்கம் கல்லில் இல்லை தம்பி. நான் ஒட்டிய லேபிளில்தான் இருந்தது. இரண்டாவதாக ஒரு குழம்பு வரவே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பிளவு விட்டது, ஒரே தடவை நிரம்பியது, ஓரத்திலிருந்து உள்ளே மெல்ல மெல்ல ஆறியது.

உனக்குக் கிடைத்த இடம் இதனால் போய்விடலாம். போகாமலும் இருக்கலாம், வேறு கேள்வி ஒன்றைக் கொடுத்து இருக்கச் சொல்லலாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. ஐந்து வருஷம் ஒரு வராத குழம்புக்கு வயது தேடி நீ அலைவதை விட இப்போது திட்டு வாங்குவது மேல் என்று மட்டும் தெரியும். என்னைத் திட்டு. இரண்டு நாள் போன் பண்ணாமல் இரு, தாங்கிக்கொள்வேன். மூன்றாம் நாள் பண்ணிவிடு. திரும்பி வர வேண்டியதாகிவிட்டால் வெட்கப்படாமல் வா, உன் அறையில் நான் எதையும் மாற்றவில்லை. போவதாக இருந்தால் ரசப்பொடி இரண்டு டப்பா அரைத்து வைத்திருக்கிறேன், கல்லை அரைத்த கைதான், பயப்படாமல் எடுத்துக்கொண்டு போ. ஆனால் எது நடந்தாலும், விமானம் ஏறுவதற்கு முன்னால் உன் புது ஆசிரியருக்கு இதை எழுதிவிடு. ஒரு தப்பை அன்றைக்கே சொல்லாவிட்டால் அடுத்த நாள் இன்னும் கஷ்டம், அதற்கு அடுத்த நாள் அதையும் விடக் கஷ்டம். இருபது வருஷம் அதை நான் பார்த்திருக்கிறேன். உனக்கு அது வேண்டாம்.

எண்ணிய தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். அந்த ஊரில் தகட்டில் இருக்கிற மணியையே நேராக அளக்கிற கருவி இருப்பதாகச் சொன்னாயே, தகடுகளைத் துறையில் கேட்டு வாங்கிப் போய் அதில் வைத்துச் சரிபார். எந்தப் பாட்டிலில் எந்தக் கல் இருக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். அப்புறம் யாராவது ஒரு திருத்தம் எழுதி வெளியிட வேண்டும், அதை நீயே எழுது. அதில்தான் எனக்கு ஒரு ஆசை. அந்தத் துறையிலிருந்து வந்த கட்டுரைகளை எல்லாம் அலமாரியில் அடுக்கி வைத்தவள் நான். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்கிற இடத்தை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்ப்பேன். ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி என்று இருக்கும், அவ்வளவுதான். எதிலும் என் பெயர் கிடையாது. நீ எழுதும்போது, ஆய்வகத்தில் நேர்ந்த ஒரு பிழை என்று மொட்டையாக எழுதி என்னைக் காப்பாற்றாதே. என் பெயரைப் போடு. இனிஷியலோடு முழுப் பெயரையும் போட்டு, இந்த நான்கு பாட்டில்களுக்கும் தவறாக எண் ஒட்டியவர் இவர் என்று எழுது. அதற்கு அடுத்த வரியிலேயே, மீதிப் பதினேழையும் அரைத்தவர் இவர்தான், அவை சரியாக இருக்கின்றன என்றும் எழுது.

அம்மா